மன அதிர்ச்சி ஆற யோகா போதுமா, மாத்திரை வேண்டுமா, கோயிலுக்குப் போகலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவரின் அக்கா ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு சாலை விபத்தில் கணவரைக் கண்ணெதிரே இழந்தார். அவருக்கும் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் கிடந்ததால் கணவரின் காரியத்தில்கூடக் கலந்துகொள்ள முடியவில்லை. இன்றும் லாரி ஹாரன் கேட்டால் உடம்பு நடுங்குகிறது, நடுராத்திரியில் தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுகிறார், விபத்து நடந்த சாலைப் பக்கமே போவதில்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். உறவினர்களில் ஒருவர் யோகா என்கிறார், ஒருவர் பத்து நாள் விபாசனா தியான முகாம் என்கிறார், இன்னொருவர் கை வைத்து ஆற்றல் செலுத்துவதாகச் சொல்லும் ரெய்கி, மற்றொருவர் சித்த மருந்து. அம்மாவோ குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார். இதற்கு நடுவில் 'முழுமையான சிகிச்சை' என்று விளம்பரம் செய்யும் ஒரு மையம், மாத்திரையை நிறுத்தினால்தான் சேர்த்துக்கொள்வோம் என்கிறதாம். எதை நம்புவது? அந்தச் சாலைக்கு அக்காவை எப்போது கூட்டிப்போவது?

முதலில் அவசரமான விஷயம். யார் சொன்னாலும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அக்காவுக்குக் கொடுத்திருப்பது செர்ட்ராலின், பாராக்ஸெட்டின் போன்ற மருந்தாக இருந்தால், அவை பிடிஎஸ்டி எனப்படும் இந்த அதிர்ச்சி நோய்க்கே பலன் தருவதாகச் சோதித்துப் பார்க்கப்பட்டவை. பட்டென்று விட்டால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி உணர்வு எல்லாம் வரலாம். தூக்கத்துக்காக அல்ப்ராஸோலம், குளோனாஸெபாம் வகை மாத்திரை சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அதை நீண்ட நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. அதனால் மருத்துவரிடம் போய், "இதில் தூக்க மாத்திரை எது, எவ்வளவு நாள் எடுக்கணும், எப்படிக் குறைக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. மாத்திரையை நிறுத்தினால்தான் சேர்ப்போம் என்ற அந்த மையத்தை இப்போதே மறந்துவிடலாம்.

சரி, மற்ற முறைகள். அவை எல்லாமே ஏமாற்று என்று சொல்ல நான் வரவில்லை. உண்மையில் உடம்பு, நினைவு, உறவு ஆகிய மூன்றையும் கவனிக்காத சிகிச்சை அதிர்ச்சிக்குப் போதாது என்பதே என் கருத்து. ஆனால் இதில் வரிசை முக்கியம். முதலில் உடம்புக்குப் 'பத்திரமாக இருக்கிறோம்' என்ற உணர்வு வர வேண்டும், பிறகுதான் நடந்ததை எடுத்துப் பேச வேண்டும், அதன் பிறகு வாழ்க்கைக்குத் திரும்ப வேண்டும். 1992இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இந்த மூன்று கட்டங்களைத் தெளிவாக வகுத்தார். கட்டங்கள் கறாராக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும் என்றில்லை, முன்னும் பின்னும் போகும். இருந்தாலும், இன்றுவரை நான் பார்த்த தவறான சிகிச்சைகளில் பெரும்பாலானவை இந்த வரிசையைக் கலைத்தவைதான்.

அக்காவின் உடம்பில் என்ன நடக்கிறது என்று புரிந்தால் வரிசையின் காரணமும் புரியும். ஆபத்து வரும்போது அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கார்டிசால் சுரக்கிறது. ஆபத்து தீர்ந்ததும் இதெல்லாம் அடங்கிவிட வேண்டும். சிலருக்கு அடங்குவதில்லை. நடந்தது நேற்றைய கதையாக மனதில் பதியாமல், சத்தமும் வாசனையும் வெளிச்சமுமாகத் துண்டு துண்டாக நிற்கிறது. ஹாரன் சத்தம் அந்தத் துண்டுகளில் ஒன்றைத் தொட்டதும், விபத்து இப்போதுதான் நடக்கிறது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. "ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னும் அதையே நெனச்சுட்டிருக்கியா?" என்று கேட்கும் உறவினருக்கு இதை விளக்குங்கள். அக்கா நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அவர் நினைக்காதபோதும் அது வருகிறது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைப் பிடிஎஸ்டி என்ற பெயரில் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

உடம்பைத் தணிக்கும் வேலையில் யோகாவும் மூச்சுப் பயிற்சியும் நிஜமாகவே உதவுகின்றன. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். அதனால் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீட்டினால் உடம்பு அடங்கத் தொடங்கும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவது, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு, பலருக்கு ஒத்துவருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையின் நிவாரண முகாம்களில் கடுமையான அறிகுறிகளோடு இருந்த 183 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு யோக மூச்சுப் பயிற்சி மட்டும், இன்னொரு பிரிவினருக்கு மூச்சுப் பயிற்சியோடு அதிர்ச்சி நினைவை எடுத்துப் பேசும் சிகிச்சையும். மூன்றாவது பிரிவு ஆறு வாரம் காத்திருந்தது. பயிற்சி பெற்ற இரண்டு பிரிவிலும் அதிர்ச்சி நோயின் அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்றாகவே குறைந்தன. ஆளுக்கு ஆள் குலுக்கிப் பிரிக்காமல் முகாம் முகாமாகப் பிரித்தது அந்த ஆய்வின் பலவீனம், அதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கட்டுப்பாடானது. பல வருடமாகச் சிகிச்சைக்கு மசியாத பிடிஎஸ்டி இருந்த 64 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்குப் பத்து வாரம் யோகா, மறு பாதிக்குச் சுகாதார விளக்க வகுப்பு கொடுத்தார்கள். முடிவில் யோகா பிரிவில் பாதிப் பேருக்கு மேல் நோயின் வரையறையிலிருந்தே வெளியே வந்திருந்தார்கள். மற்றப் பிரிவில் ஐந்தில் ஒருவர்தான்.

ஆனால் அது நம் ஊர் யோகா வகுப்பு மாதிரி இல்லை. அங்கே ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. "கையைத் தூக்கு" என்று உத்தரவு போடாமல், "முடிந்தால் தூக்கிப் பாருங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்" என்பார். தன் உடம்பின் மீது தனக்கு அதிகாரம் உண்டு என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பெறுவதுதான் அங்கே மருந்து. உங்கள் பகுதியில் இப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் நல்ல பொறுமைசாலியான ஒருவரிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கபாலபாதி, பஸ்திரிகா இப்போது வேண்டாம். வேகமான மூச்சு இதயத் துடிப்பை ஏற்றும், அந்தப் படபடப்பே விபத்து நேரத்துப் படபடப்பை இழுத்துவரும். சவாசனமும் சிலருக்கு ஆகாது, மல்லாந்து கண்ணை மூடிப் படுத்தால் காட்சிகள் வரும். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் படிய, கதவு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, கண்ணைத் திறந்தபடியே மூச்சுப் பயிற்சி செய்யட்டும். காலையில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் போதும். நடுராத்திரி எழுந்துகொண்டால் விளக்கைப் போட்டு, முகத்தில் குளிர்ந்த தண்ணீர் தெளித்துக்கொண்டு, கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊரில் இருக்கிறோம், பக்கத்து அறையில் யார் தூங்குகிறார்கள் என்பதையும் சொல்லலாம்.

பத்து நாள் விபாசனா இப்போது வேண்டவே வேண்டாம். தியானத்தின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, பின்னால் ஒருநாள் அக்காவுக்கு அது பெரிய துணையாக அமையலாம். ஆனால் பேச்சில்லாமல், குடும்பத்தைப் பார்க்காமல், ஒரு நாளில் பத்து மணி நேரம் கண்மூடி உட்காருவது, அதிர்ச்சி ஆறாத மனதுக்குப் பெரிய சுமை. காட்சிகள் வெள்ளமாக வரும்போது கைபிடிக்க ஆளில்லாத இடம் அது. விண்ணப்பத்திலேயே மனநல வரலாறு கேட்கிறார்கள், அதை மறைத்துச் சேர்ப்பது ஆபத்து.

இப்போது நினைவு. இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். மூச்சும் ஆசனமும் அக்காவைத் தணிக்கும். ஆனால் அந்தச் சாலையில் நடந்தது அப்படியே உள்ளே கிடந்தால் ஹாரன் சத்தம் மறுபடி மறுபடி அதைக் கிளப்பும். நினைவை நேரடியாகக் கையாளும் சிகிச்சைகளுக்குத்தான் இதுவரை வலுவான ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை. நடந்ததைப் பாதுகாப்பான அறையில் பயிற்சி பெற்றவரின் துணையோடு படிப்படியாகப் பேசி, தவிர்த்துவந்த இடங்களுக்கும் விஷயங்களுக்கும் மெல்லத் திரும்புவது. "நான் அவரை அன்னைக்குக் கிளம்பச் சொல்லாம இருந்திருந்தா" என்பது போன்ற குற்ற உணர்வை எடுத்து ஆராய்வதும் இதில் உண்டு, அக்காவுக்கு இந்தப் பகுதி மிக முக்கியமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மற்றது இஎம்டிஆர். 1980களின் இறுதியில் பிரான்சின் ஷாப்பிரோ உருவாக்கியது. நினைவின் ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர்வது. பார்ப்பதற்கு ஏதோ வித்தை மாதிரி இருக்கும். கண் அசைவுதான் குணப்படுத்துகிறதா, நினைவை எடுத்துக் கையாள்வதுதான் குணப்படுத்துகிறதா என்ற விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் பலன் இருக்கிறது.

இலங்கையின் வடகிழக்கில் நடந்த ஓர் ஆய்வை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். போரையும் சுனாமியையும் சேர்த்து அனுபவித்த முகாம் குழந்தைகள் 31 பேர். பாதிப் பேருக்கு, தங்கள் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லி, பயங்கரம் நடந்த கட்டம் வரும்போது நிறுத்தி விரிவாக விவரித்து, அதைக் கதையின் ஒரு பகுதியாக ஆக்கும் சிகிச்சை. மீதிப் பேருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டுக்கும் ஆறே அமர்வுகள், நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்கள், அதாவது கவுன்சிலர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் 81 சதவீதம், இரண்டாவதில் 71 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் குழந்தைப் பருவத்திலிருந்து பழகிய பிரார்த்தனையும் மூச்சும் உள்ள சமூகத்தில் தளர்வுப் பயிற்சி வெறும் பேருக்கான வைத்தியம் இல்லை என்று அது எனக்குக் காட்டியது. பட்டம் பெற்ற நிபுணர் இல்லாத ஊரிலும் நன்றாகப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் நிறையச் செய்ய முடியும் என்பதும் தெரிந்தது. அக்காவுக்கு ஒன்றரை வருடம் கடந்துவிட்டதால், தளர்வோடு நிறுத்தாமல் நினைவுச் சிகிச்சையும் சேர வேண்டும் என்பதே என் யோசனை.

ஒரு எச்சரிக்கை. "மனசுல இருக்கிறத எல்லாம் ஒரே நாள்ல கொட்டிடு, சரியாயிடும்" என்று உட்கார வைத்துப் பேசவிடுவது உதவாது. அதிர்ச்சி நடந்த கையோடு ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேச வைக்கும் முறை ஒரு காலத்தில் பல நாடுகளில் பரவலாக இருந்தது. ஆராய்ந்து பார்த்ததில், பிற்பாடு நோய் வருவதை அது தடுக்கவில்லை என்றும் சிலருக்குக் கெடுதல் செய்திருக்கலாம் என்றும் தெரிந்தது. உங்கள் வீட்டில் இழப்பீட்டு வழக்கு நடக்கிறதென்றால், தீர்ப்பாயத்தில் வாக்குமூலம் சொல்ல வேண்டிய தேதிக்கு முன்னும் பின்னும் அக்காவுக்குக் கூடுதல் துணை ஏற்பாடு செய்யுங்கள். வக்கீலிடம் விவரம் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், எழுதிவைத்ததைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

அம்மா சொல்கிற கோயில் விஷயத்துக்கு வருகிறேன். அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் நீண்ட காலம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், ஒரு சமூகமே அடிபடும்போது தனிநபர் சிகிச்சை மட்டும் போதாது என்று வலியுறுத்தியவர். சமூகத்தில் ஏற்கெனவே இருக்கும் தணிக்கும் பழக்கங்களை அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். இந்துக்களுக்கு ஓம் என்ற ஜெபம், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தர்களுக்குச் சரணம் என்று அவரவர் வாயில் ஏற்கெனவே பழகிய சொல்லே மனதைத் தணிக்கும் பயிற்சி ஆனது. மட்டக்களப்பில் 1990களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ், காணாமல் போன பிள்ளையைப் பற்றிக் கேட்க அம்மன் கோயிலில் வாக்குச் சொல்பவர்களிடம் தாய்மார்கள் போனதைப் பதிவு செய்திருக்கிறார். வெளியில் வாய் திறந்து பேசவே முடியாத காலத்தில், அழவும் கேட்கவும் இருந்த ஒரே சபை அது.

அக்கா கணவரின் காரியத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான். அவர் கண்கொண்டு வழியனுப்பவில்லை. பயம் ஒரு பக்கம் இருக்க, துக்கமும் பாதியில் நிற்கிறது. நீண்டு நிற்கும் துக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் தனி நோயாகவே சேர்த்திருக்கிறது, அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அடுத்த திதியை அக்காவை நடுவில் வைத்துச் செய்யுங்கள். கணவருக்குப் பிடித்த சமையல், அவருடைய நண்பர்கள், அவரைப் பற்றிய பேச்சு எல்லாம் இருக்கட்டும். குலதெய்வம் கோயிலுக்குப் போவதென்றால் அக்காவுக்கு விருப்பமான நாளில், அவர் திரும்பலாம் என்றதும் திரும்பும்படி போங்கள்.

உறவு என்று சொல்லும்போது இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். கணவனை இழந்தவர் என்பதற்காக வளைகாப்பிலும் கல்யாணத்திலும் அக்காவை ஓரமாக உட்கார வைக்கிறார்களா? அப்படியானால் எந்த யோகாவும் அதை ஈடுகட்டாது. 'நான் அபசகுனம்' என்ற எண்ணத்தை வீடே ஊட்டிக்கொண்டிருக்கும்போது, வாரத்துக்கு ஒரு மணி நேர சிகிச்சை அதை எதிர்த்து ஜெயிக்க முடியாது. அடுத்த விசேஷத்தில் அக்கா முன்வரிசையில் நிற்கட்டும், அதற்கு எதிர்ப்பு வந்தால் நீங்கள் பேசுங்கள். வேலை, வங்கிக் கணக்கு, பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றில் அவர் கையில் முடிவு எடுக்கும் உரிமை இருப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

கோயில், தர்கா, ஆலயம் எதுவானாலும் ஓர் எல்லை உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த தனியார் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். வழிபாடு அவர்களைக் கொல்லவில்லை, சங்கிலியும் மருத்துவம் மறுக்கப்பட்டதும் கொன்றன. பிற்காலத்தில் அங்கேயே பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்த சிகிச்சை ஏற்பாடு வந்தது, அதுதான் சரியான பாதை. எங்கே கூட்டிப்போனாலும் கட்டுவது, அடிப்பது, பட்டினி போடுவது, மருந்தைப் பிடுங்குவது இருந்தால் உடனே அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுங்கள்.

சித்த மருந்து பற்றிச் சுருக்கமாக. அமுக்கரா (அஸ்வகந்தா) மன அழுத்தத்தையும் தூக்கமின்மையையும் ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அதிர்ச்சி நினைவை ஆற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது, தைராய்டு மருந்தோடும் தூக்க மாத்திரையோடும் அது மோதும். எடுப்பதென்றால் இரண்டு மருத்துவர்களுக்கும் தெரியட்டும். பற்பம், செந்தூரம் மாதிரி உலோகம் சேர்ந்தவற்றைப் பதிவு பெற்ற சித்த மருத்துவர் இல்லாமல் தொடவே வேண்டாம். ரெய்கியில் ஆற்றல் பாய்கிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அரை மணி நேரம் அமைதியாக இருப்பதில் அக்காவுக்கு ஆறுதல் கிடைத்தால் சந்தோஷம், அதற்காகச் சிகிச்சைக் கட்டணம் கொடுக்காதீர்கள்.

ஆளைத் தேடும்போது இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்சிஐ) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைக் கேளுங்கள். அதிர்ச்சிக்கு என்ன முறையில் சிகிச்சை தருகிறீர்கள், எத்தனை வாரம் ஆகும், நடுவில் அக்கா நிலைகுலைந்தால் என்ன செய்வீர்கள் என்று விசாரியுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். மொத்தமாகப் பணம் கட்டச் சொல்பவரிடமும், நிச்சயம் குணமாகும் என்று வாக்குக் கொடுப்பவரிடமும் போகாதீர்கள். பணவசதி இல்லையென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவும், மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கின்றன. இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலிமானஸ், எண் 14416 எந்த நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு அங்குள்ள மனநல உதவி எண் 1926. அக்கா "நானும் அவரோடயே போயிருக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தால், அதைப் புலம்பல் என்று விட்டுவிடாமல் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், மாத்திரை டப்பாவை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாலைக்கு எப்போது போவது என்று கேட்டிருந்தீர்கள். இப்போது அவசரமே இல்லை. மூச்சுப் பயிற்சி கைவந்து, தூக்கம் கொஞ்சம் சீராகி, சிகிச்சையாளரும் சரி என்று சொன்ன பிறகு, முதலில் பஸ் ஸ்டாண்டு வரை, பிறகு ஹாரன் அதிகம் கேட்கும் கடைத்தெரு, அப்புறம் அந்தச் சாலையின் தொடக்கம் என்று போகலாம். ஒவ்வொரு இடத்திலும் படபடப்பு ஏறி, பின்பு தானாக இறங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்புங்கள். ஏறிய உச்சத்திலேயே ஓடிவந்தால் பயம் இன்னும் வலுக்கும். எந்த நாள், யார் வண்டி ஓட்டுவது, எந்த இடத்தில் திரும்புவது என்பதையெல்லாம் அக்காவே முடிவு செய்யட்டும்.